கேட்கும் விலையும் கொடுத்த விலையும்

வீடு வாங்குபவர்கள் விளம்பரத்தையும் புரோக்கர் வாக்கையும் நம்பிப் பேரம் பேசுகிறார்கள். பக்கத்து பிளாட் எவ்வளவுக்குக் கைமாறியது என்ற விவரமோ பதிவு அலுவலகத்தில் யாரும் பார்க்கலாம் என்ற நிலையில் கிடக்கிறது.

மும்பை நாளிதழ்களில் அநேகமாக வாரம் தவறாமல் ஒரு செய்தி வருகிறது. இந்தித் திரையுலகப் பிரமுகர் ஒருவர் பாந்த்ராவிலோ ஜுஹூவிலோ இத்தனை கோடி ரூபாய்க்கு பிளாட் வாங்கினார், அதன் பரப்பு இவ்வளவு, கார் நிறுத்த இத்தனை இடம், முத்திரைக் கட்டணம் இவ்வளவு, பத்திரம் பதிவான தேதி இன்னது என்று பைசா சுத்தமாக விவரம் இருக்கும். நடிகர் வாய் திறந்திருக்க மாட்டார். கட்டுமான நிறுவனமும் மௌனம். ஆனாலும் நிருபருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. ரகசியம் அந்தச் செய்தியிலேயே, வாசகர்கள் தாண்டிப் போய்விடும் இரண்டு சொற்களில் இருக்கிறது: ‘பதிவு ஆவணங்களின்படி’.

நடிகரின் வீட்டு விலையைக் காட்டும் அதே ஜன்னல், முலுண்டில் இரண்டு படுக்கையறை வீடு தேடும் வங்கி ஊழியருக்கும் திறந்துதான் இருக்கிறது. அவர் எட்டிப் பார்ப்பதில்லை, அவ்வளவுதான். கத்திரிக்காய் வாங்க நான்கு கடை ஏறி இறங்கும் குடும்பம், இருபது வருடச் சம்பளத்தை விழுங்கப்போகும் வீட்டை வாங்கும்போது மூன்று பேர் சொல்வதைக் கேட்டு முடிவு செய்கிறது: புரோக்கர், விற்பவர், அதே பகுதியில் ஏற்கனவே வீடு வாங்கிவிட்ட மைத்துனர். முதல் இருவருக்கும் விலை ஏற வேண்டும். மூன்றாமவருக்கு, தான் கொடுத்தது நியாயமான விலைதான் என்று நிரூபணமாக வேண்டும்.

சந்தை நிலவரம் என்று பொதுவாகச் சொல்லப்படுவது, கேட்கும் விலைதான். வலைதளங்களிலும் ஞாயிற்றுக்கிழமை விளம்பரங்களிலும் வருவது எல்லாம் அதுவே. ஒரே பிளாட் மூன்று புரோக்கர்கள் மூலம் மூன்று விலைகளில் தோன்றும். எப்போதோ விற்றுப்போன பிளாட்டின் விளம்பரம் தூண்டில் புழுவாக மாதக்கணக்கில் தொங்கிக்கொண்டிருக்கும். கேட்கும் விலைக்கும் கடைசியில் கொடுக்கும் விலைக்கும் இடையில் உள்ள தூரத்தில்தான் பேரம் நடக்கிறது. அதை அளக்காமல் பேச உட்காருபவர், “கொஞ்சம் பார்த்துக் குறைச்சுக்குங்க” என்பதற்கு மேல் எதுவும் சொல்ல முடியாது.

இத்தனைக்கும் இந்த உரிமை புதியதல்ல. அசையாச் சொத்துகளின் பதிவேட்டையும் அதன் அட்டவணைகளையும் உரிய கட்டணம் செலுத்தும் எவரும் பார்க்கலாம் என்று 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் சொல்கிறது. வாங்கப்போகும் நிலம் ஏற்கனவே இன்னொருவருக்கு விற்கப்பட்டதா, அடகில் இருக்கிறதா என்று சோதித்துக்கொள்ள பிரிட்டிஷ் காலத்தில் செய்யப்பட்ட ஏற்பாடு அது. முதல் அட்டவணை ஆட்களின் பெயர்வாரியானது. இரண்டாவது சொத்துவாரியானது. மகாராஷ்டிரத்தில் வீட்டுத் தரகு உலகமே ‘இண்டெக்ஸ்-2’ என்று சொல்வது இந்த இரண்டாவதைத்தான். பத்திரத்தின் வகை, கொடுத்த தொகை, அரசு கணக்கிட்ட மதிப்பு, பரப்பு, கட்டடத்தின் பெயர், பிளாட் எண், எழுதிய தேதி, பதிவான தேதி, முத்திரைக் கட்டணம் எல்லாம் ஒரே பக்கத்தில் வந்துவிடும். மாநிலப் பதிவுத்துறையின் வலைதளத்தில் இதைக் காசில்லாமலே தேடலாம்.

தேடுவது சுலபம் என்று சொல்வதற்கில்லை. மும்பை ஒரு காலத்தில் கிராமங்களாக இருந்ததைப் பதிவுத்துறை இன்னும் மறக்கவில்லை. காட்கோபரில் வீடு பார்ப்பவர் ‘கிரோல்’ கிராமத்தையும், விக்ரோலியில் பார்ப்பவர் ‘ஹரியாலி’யையும் தேட வேண்டியிருக்கும். நகர சர்வே எண்ணும் தெரிய வேண்டும். அது ஹவுசிங் சொசைட்டியின் காகிதங்களிலோ, விற்பவரின் பழைய பத்திரத்திலோ இருக்கும். விவரமெல்லாம் மராத்தியில். ‘மோபத்லா’ என்றால் கைமாறிய தொகை, ‘பாஜார்பாவ்’ என்றால் அரசு வைத்த மதிப்பு. இந்த இரண்டு சொற்கள் தெரிந்தால் பாதிக் கிணறு தாண்டிய மாதிரி. பொறுமை இல்லாதவர்களுக்காக இந்தப் பதிவுகளைத் திரட்டி, ஒழுங்குபடுத்தி, கட்டணத்துக்கு விற்கும் தனியார் நிறுவனங்கள் முளைத்திருக்கின்றன. நடிகர் வீட்டுச் செய்திகள் பெரும்பாலும் அவற்றின் கைவண்ணம்தான்.

தமிழக வாசகருக்கும் இது அந்நியமான விஷயமல்ல. வில்லங்கச் சான்றைப் பார்க்கும்போது நம்மவர்கள் கண் அடமானத்தையும் வழக்கையும் மட்டுமே தேடுகிறது. அதே தாளில் ‘கைமாற்றுத் தொகை’, ‘சந்தை மதிப்பு’ என்று இரண்டு எண்கள் ஒவ்வொரு கிரயத்துக்கும் எதிரே அச்சாகியிருக்கின்றன. வில்லங்கம் பார்க்கிற தாள் விலைப்பட்டியலாகவும் இருப்பதைக் கவனிப்பவர்கள் குறைவு.

பதிவை எடுத்தால் மட்டும் போதாது, படிக்கத் தெரிய வேண்டும். முதல் கண்ணி பரப்பளவு. ஒரு கற்பனைக் கணக்கு. முலுண்ட் கிழக்கில் இருபது வருடப் பழைய கட்டடத்தில் ஒரு பிளாட். கேட்கும் விலை 1.75 கோடி ரூபாய். பரப்பு 850 சதுர அடி என்கிறார் புரோக்கர். அதாவது சதுர அடி சுமார் 20,600 ரூபாய். “பக்கத்து புதுக் கட்டடத்தில் 24,000 போகிறது, இது கொள்ளை மலிவு” என்கிறார். பதிவைப் புரட்டினால் அதே கட்டடத்தில், அதே அளவு பிளாட்டின் பரப்பு 50.2 சதுர மீட்டர் என்று இருக்கிறது. ஒரு சதுர மீட்டர் 10.764 சதுர அடி. ஆக, வீட்டுக்குள் இருப்பது 540 சதுர அடிதான். மிச்சம் 310 சதுர அடி படிக்கட்டிலும் லிப்டிலும் வராந்தாவிலும் புரோக்கரின் கற்பனையிலும் இருக்கிறது. 1.75 கோடியை 540ஆல் வகுத்தால் சதுர அடி 32,400 ரூபாய். மலிவு என்ற பேச்சுக்கே இடமில்லை.

கார்ப்பெட், பில்ட்-அப், சூப்பர் பில்ட்-அப் என்று மூன்று அளவுகோல்களை வைத்துக்கொண்டு இந்தியர்களைப் பல பத்தாண்டுகள் குழப்பிய தொழில் இது. 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் ‘கார்ப்பெட் ஏரியா’ என்பதற்கு இலக்கணம் வகுத்தது. உட்சுவர்கள் சேரும். வெளிச்சுவர்கள், பால்கனி, திறந்த மொட்டைமாடி சேராது. புதிய கட்டடங்களில் பில்டர் இந்த அளவைத்தான் தெரிவிக்க வேண்டும். ஆனால் மறுவிற்பனைச் சந்தையில் பேச்சுவழக்கு இன்னும் பழைய அளவுகளிலேயே ஓடுகிறது. பழைய பத்திரங்களில் பில்ட்-அப் அளவே எழுதப்பட்டிருக்கும் என்பதால், எந்த அளவு என்று பதிவில் பார்த்துக்கொள்ளாமல் ஒப்பிடக் கூடாது. சந்தேகமிருந்தால் ஒரு அளவு நாடாவை எடுத்துக்கொண்டு போவதில் வெட்கமில்லை.

நமது முலுண்ட் கட்டடத்துக்குத் திரும்புவோம். ஒன்றரை வருடத்தில் ஐந்து பதிவுகள் கிடைத்ததாக வைத்துக்கொள்வோம். மூன்றாவது மாடி 1.42 கோடி. ஏழாவது மாடி, கார் நிறுத்தத்துடன், 1.51 கோடி. முதல் மாடி 1.36 கோடி. இன்னொன்றில் தொகையே இல்லை. ஐந்தாவது 1.05 கோடி. அவசரக்காரர் எல்லாவற்றையும் கூட்டிச் சராசரி போடுவார். அது தப்பு. தொகை இல்லாதது ‘பக்ஷீஸ்பத்ர’, அப்பா மகனுக்கு எழுதிய தான பத்திரம். அதைத் தூக்கிவிட வேண்டும். 1.05 கோடிப் பத்திரத்தில் அரசு மதிப்பு 1.30 கோடி என்று இருக்கிறது. விற்றவரும் வாங்கியவரும் ஒரே குடும்பப் பெயர் கொண்டவர்கள். அண்ணன் தம்பி பங்கு பிரித்த விவகாரமாக இருக்கும். அதையும் ஒதுக்க வேண்டும். மிஞ்சுவது மூன்று. சதுர அடிக்கு 25,200 முதல் 27,900 வரை. இப்போது பேரத்துக்கு அடித்தளம் கிடைத்துவிட்டது. நல்ல மாடி, வெளிச்சம், பார்க்கிங் எல்லாம் இருந்தால் 1.50 கோடிக்குச் சற்று மேலே போகலாம். 1.75 கோடிக்கு அந்தக் கட்டடத்தில் சாட்சியே இல்லை.

இருபது லட்சம் வித்தியாசம் என்பது வாயால் சொல்லும்போது சாதாரணமாக இருக்கிறது. எட்டரை சதவிகித வட்டியில் இருபது வருடக் கடனாக எடுத்தால் மாதத் தவணையில் 17,350 ரூபாய் கூடும். மொத்தமாகக் கட்டி முடிக்கும்போது 41 லட்சத்துக்கு மேல். மும்பையில் முத்திரைக் கட்டணம் ஆறு சதவிகிதம் என்ற கணக்கில் அதற்குத் தனியாக 1.20 லட்சம். ஒரு குழந்தையின் என்ஜினியரிங் படிப்பு, மராத்தியில் அச்சான மூன்று தாள்களுக்குள் ஒளிந்திருக்கிறது.

விலையில் எது சேர்ந்திருக்கிறது என்பதும் கேள்வி. கார் நிறுத்தும் இடத்துக்கு என்று தனியே லட்சக்கணக்கில் கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தூண்களுக்கிடையிலான தரைத்தள நிறுத்துமிடத்தை பிளாட் போலத் தனியே விற்க பில்டருக்கு உரிமையில்லை என்று 2010இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பழைய சொசைட்டிகளில் விலை திடீரென்று எகிறியிருந்தால், பெரும்பாலும் காரணம் சுவரில் இல்லை, மண்ணில் இருக்கும். கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டும் பேச்சு தொடங்கியிருக்கும். இன்றைய 540 சதுர அடிக்குப் பதில் நாளை கூடுதலாகக் கிடைக்கப் போகிறது என்ற எதிர்பார்ப்பைச் சேர்த்து விலை பேசப்படும். அந்த எதிர்பார்ப்புக்கு வாங்குபவர் காசு கொடுக்கலாம், தப்பில்லை. ஆனால் வீட்டுக்கு எவ்வளவு, எதிர்பார்ப்புக்கு எவ்வளவு என்று பிரித்துத் தெரிந்துகொண்டு கொடுக்க வேண்டும்.

தேதிகளும் ஏமாற்றும். கொரோனா முடக்கத்துக்குப் பின் சந்தையை எழுப்ப, மகாராஷ்டிர அரசு 2020 செப்டம்பர் முதல் டிசம்பர் வரை முத்திரைக் கட்டணத்தை இரண்டு சதவிகிதமாகவும், 2021 மார்ச் வரை மூன்று சதவிகிதமாகவும் குறைத்தது. 2020 டிசம்பரில் மும்பையில் பதிவுகள் 19 ஆயிரத்தைத் தாண்டின. ‘சந்தை பறக்கிறது’ என்று தலைப்புகள் வந்தன. நடந்தது என்ன? பல மாதங்கள் கழித்து வாங்க நினைத்தவர்களும் சலுகைக்காக முந்திக்கொண்டார்கள். தவிர, கட்டணத்தைக் கட்டிவிட்டால் பத்திரத்தைப் பதிய நான்கு மாத அவகாசம் உண்டு. எனவே அடுத்து வந்த மாதங்களின் பதிவுகளிலும் பழைய பேரங்கள் கலந்திருந்தன. பதிவுகளின் எண்ணிக்கை உயர்ந்தால் விலை உயரும் என்று கணக்குப் போட்டு அந்த நேரத்தில் அவசரப்பட்டவர்கள் சலுகையை உண்மையில் அனுபவித்தார்களா, அல்லது அது விற்பவரின் விலையிலேயே கரைந்ததா என்பது அவரவர் பத்திரத்தைப் பார்த்தால் தெரியும். பதிவான தேதியை விட்டுவிட்டு, எழுதிய தேதியைப் பார்ப்பது நல்லது.

சரி, பதிவில் இருக்கும் தொகை உண்மையா? இந்தக் கேள்வியைக் கேட்காமல் இந்தியாவில் வீட்டு விலையைப் பற்றி எழுத முடியாது. வெள்ளை, கறுப்பு என்று இரண்டு பைகளில் பணம் கைமாறிய நாடு இது. அசையாச் சொத்துக்கு முன்பணமாக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது என்ற விதி 2015 ஜூனில் வந்தது. அடுத்த வருடம் செல்லாத நோட்டு அறிவிப்பு. வங்கிக் கடனை நம்பி வாங்குவோரும் பெருகியதால் கறுப்பின் பங்கு குறைந்திருக்கிறது, குறிப்பாகப் புதிய அடுக்குமாடி வீடுகளில். மறுவிற்பனையில் ஒழிந்துவிட்டது என்று சொல்ல ஹரிச்சந்திரனுக்கும் துணிச்சல் வராது.

ஆனால் கறுப்பு இருக்கும் இடத்தைப் பதிவே காட்டிக்கொடுத்துவிடும். ஒரு தெருவில் பத்திரத்துக்குப் பத்திரம் கைமாறிய தொகையும் அரசு மதிப்பும் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருந்தால், அந்தத் தொகை சந்தையைச் சொல்லவில்லை. அரசு மதிப்பை எதிரொலிக்கிறது, மீதி மேஜைக்கு அடியில் போயிருக்கிறது. மாறாக, தொகை அரசு மதிப்பைவிடக் கணிசமாக அதிகமாகவும், மாடிக்கு மாடி, மாதத்துக்கு மாதம் வேறுபட்டும் இருந்தால் நம்பலாம். அந்த விதத்தில் மும்பைப் பதிவேடு தேவலை.

தலைநகரில் இந்த வித்தை அவ்வளவாகப் பலிக்காது. தில்லி அரசு காலனிகளை ஏ முதல் எச் வரை எட்டு வகையாகப் பிரித்து ‘சர்க்கிள் ரேட்’ வைத்திருக்கிறது. ஒரே வகையில் உள்ள இரண்டு காலனிகளின் உண்மை விலை மலைக்கும் மடுவுக்கும் இருக்கலாம், அரசு விகிதம் ஒன்றுதான். பிரபல காலனிகளில் பத்திரத்தில் வரும் தொகை அந்த விகிதத்தை ஒட்டியே நின்றுவிடும். அங்கே வீடு தேடுபவர் வேறு தடயங்களைத் தேட வேண்டும். கடன் கொடுக்கும் வங்கியின் மதிப்பீட்டாளர் வைக்கும் மதிப்பு ஒன்று. கடன் கட்டாதவர்களின் வீடுகளை வங்கிகள் சர்ஃபாசி சட்டத்தின் கீழ் ஏலம் விடும்போது அறிவிக்கும் அடிப்படை விலை மற்றொன்று. ஏல விலை சாதாரணமாகக் குறைவாகவே இருக்கும். ஆனாலும் அது பகிரங்கமாக அச்சாகும் எண், மதிப்பீட்டாளரின் கையெழுத்தின் மேல் நிற்பது. பேரத்தில் கீழ்க்கோடு போட அது உதவும்.

அரசு மதிப்பையே சந்தை விலை என்று நினைத்துக்கொள்பவர்களும் உண்டு. மகாராஷ்டிரத்தில் ‘ரெடி ரெக்கனர்’, குஜராத்தில் ‘ஜந்த்ரி’, கர்நாடகத்திலும் தமிழகத்திலும் ‘வழிகாட்டி மதிப்பு’. பெயர் எதுவானாலும் இது வரி வசூலுக்கான அளவுகோல். குஜராத்தில் 2011இல் வைத்த ஜந்த்ரி பன்னிரண்டு வருடம் அப்படியே இருந்து, 2023 ஏப்ரல் 15இல் ஒரே நாளில் இரட்டிப்பானது. அன்று ஆமதாபாத்தில் எந்த வீட்டின் விலையும் இரண்டு மடங்காகிவிடவில்லை.

விலைக் குறியீட்டெண்களின் கதையும் அது மாதிரிதான். தேசிய வீட்டுவசதி வங்கி 2007இல் ‘ரெசிடெக்ஸ்’ குறியீட்டைத் தொடங்கியது, இப்போது அது ஐம்பது நகரங்களுக்கு வருகிறது. ரிசர்வ் வங்கி, பதிவு அலுவலக விவரங்களைக் கொண்டு காலாண்டுக் குறியீடு வெளியிடுகிறது. இரண்டும் நேர்மையான முயற்சிகள். நகரம் எந்தத் திசையில் போகிறது என்று சொல்லும். மூன்றாவது மாடியில் மேற்கே பார்த்த ஜன்னலுக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்று சொல்லாது.

அதைவிட உபயோகமான, அதிகம் கவனிக்கப்படாத எண் வாடகை. மகாராஷ்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1999இன்படி ‘லீவ் அண்ட் லைசென்ஸ்’ ஒப்பந்தங்களைக் கட்டாயம் பதிய வேண்டும். ஆக, வாடகையும் ஆவணத்தில் இருக்கிறது. வாடகைக்குப் பொய் சொல்லக் காரணம் குறைவு. யாரும் லாபம் எதிர்பார்த்து வாடகைக்கு இருப்பதில்லை. குடியிருப்பின் மதிப்பை மட்டுமே அது காட்டுகிறது. 1.45 கோடி பிளாட்டுக்கு மாதம் 38,000 வாடகை என்றால் வருடத்துக்கு 4.56 லட்சம், அதாவது 3.1 சதவிகிதம். பராமரிப்பும் சொத்து வரியும் போக இன்னும் குறையும். கடன் வட்டி எட்டரை. இந்த இடைவெளியை விலையேற்றம்தான் நிரப்ப வேண்டும். சொந்த வீட்டின் நிம்மதிக்கு விலை உண்டு, அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் பக்கத்துக் கட்டடத்தில் இதே வாடகைக்கு 1.20 கோடியில் வீடு கிடைக்கிறது என்றால், 1.45 கோடி கேட்பவரிடம் காரணம் கேட்கலாம்.

கட்டிக்கொண்டிருக்கும் வீடுகளில் விலையைவிடப் பெரிய கேள்வி, வீடு வருமா என்பது. நொய்டாவில் ஆம்ரபாலி நிறுவனத்திடம் பணம் கட்டிவிட்டுக் காத்திருந்த சுமார் 42 ஆயிரம் குடும்பங்களின் வழக்கில், 2019 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அந்த நிறுவனத்தின் பதிவை ரத்து செய்து, கட்டி முடிக்கும் பொறுப்பை அரசுத்துறை நிறுவனமான என்.பி.சி.சி.யிடம் கொடுத்தது. வாடகையும் தவணையும் சேர்த்துக் கட்டிய அந்தக் குடும்பங்கள் வாங்கியபோது இன்றைய ஒழுங்குமுறை ஆணையங்கள் இல்லை. இப்போது மகாராஷ்டிர ஆணையத்தின் வலைதளத்தில் ஒவ்வொரு திட்டத்துக்கும் ஒரு பக்கம் உண்டு. மொத்தம் எத்தனை வீடுகள், எத்தனை விற்றன, முதலில் சொன்ன முடிவுத் தேதி எது, எத்தனை முறை தள்ளிப்போனது, என்னென்ன வழக்குகள் என்று பார்த்துவிடலாம். விற்பனை அலுவலகத்தில் காபி கொடுத்து, “கடைசி இரண்டு பிளாட்தான் சார் பாக்கி” என்று சொல்லும்போது, அந்தப் பக்கத்தில் பாதிக் கட்டடம் விற்காமல் கிடந்தால் பேரம் வேறு மாதிரி போகும். பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல் விலையில் பத்து சதவிகிதத்துக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்பதும் அதே சட்டம்தான்.

விற்பவருக்கும் இந்தக் காகிதங்கள் அதே அளவு தேவை. நம் ஊரில் விற்பவரின் வியாதி ஒன்று உண்டு. சொசைட்டியில் யாரோ ஒருவர் கேட்ட உச்ச விலையைத் தன் வீட்டின் விலையாக மனத்தில் எழுதிக்கொள்வது. அந்த யாரோ இன்னும் விற்கவில்லை என்பது மறந்துபோகும். முதல் மாதம் வந்த நல்ல ஆளைத் திருப்பி அனுப்பிவிட்டு, ஒன்றரை வருடம் காலி வீட்டுக்குப் பராமரிப்புக் கட்டணம் கட்டி, கடைசியில் அதைவிடக் குறைவாகக் கொடுத்த குடும்பங்கள் மும்பைச் சொசைட்டிகளில் உண்டு. கேட்கும் விலையோடு கைமாறிய மூன்று பத்திரங்களின் நகலையும் மேஜையில் வைக்கும் விற்பனையாளருக்குப் பேச்சு சீக்கிரம் முடிகிறது.

ரெடி ரெக்கனர் விற்பவரைக் கடிக்கும் இடமும் இருக்கிறது. சில பழைய கட்டடங்களில் அரசு மதிப்பு சந்தை விலையைவிட அதிகம். 80 லட்சத்துக்கு விற்கிறீர்கள், அரசு மதிப்பு 92 லட்சம் என்றால், முத்திரைக் கட்டணம் 92க்குத்தான். வித்தியாசம் பத்து சதவிகிதத்துக்கு மேல் போவதால் வருமான வரித்துறையும் நீங்கள் 92க்கு விற்றதாகவே கணக்கிடும். வாங்கியவருக்கும் அந்த 12 லட்சம் வருமானமாகச் சேரும். மதிப்பு அதிகம் என்று ஆட்சேபித்து அரசு மதிப்பீட்டாளரிடம் அனுப்பச் சொல்லும் வழி இருக்கிறது. ஆனால் முன்பணம் வாங்கிய பிறகு இதைக் கண்டுபிடித்தால் இரண்டு தரப்புக்கும் சண்டைதான்.

காலம் விஷயத்தில் விற்பவர்கள் ரொம்பவே நம்பிக்கைவாதிகள். வீட்டு விலை இறங்கவே இறங்காது என்பது ஒரு மதம் மாதிரி. 1995 வாக்கில் உச்சத்தைத் தொட்ட மும்பை விலைகள் அடுத்த சில வருடங்களில் பலமாகச் சரிந்தன. 2013க்குப் பிறகு பல நகரங்களில் நடந்தது இன்னொரு விதம். விலை விழவில்லை, உட்கார்ந்துவிட்டது. உட்கார்ந்த விலையை யாரும் நஷ்டம் என்று சொல்வதில்லை.

வருமான வரிக் கணக்கு அதைச் சொல்லிவிடுகிறது. 2013-14இல் 90 லட்சத்துக்கு வாங்கிய பிளாட்டை 2025-26இல் 1.40 கோடிக்கு விற்றவர், 50 லட்சம் லாபம் என்று இனிப்பு வாங்கிக் கொடுத்திருப்பார். அரசின் பணவீக்கக் குறியீடு அந்த இடைவெளியில் 220இலிருந்து 376 ஆகியிருக்கிறது. அதன்படி அவர் போட்ட 90 லட்சம் இன்றைய மதிப்பில் 1.53 கோடிக்கு மேல். உண்மையில் கையைச் சுட்டுக்கொண்டிருக்கிறார். ஒரே ஆறுதல், 2024 ஜூலை 23க்கு முன் வாங்கிய சொத்துக்கு இந்தியாவில் வசிக்கும் தனிநபர்கள் இரண்டு வழிகளில் குறைவான வரியைக் கட்டலாம்: பணவீக்கத்தைக் கழித்து இருபது சதவிகிதம், அல்லது கழிக்காமல் பன்னிரண்டரை சதவிகிதம். முதல் வழியில் இவருக்கு வரியே இல்லை. இரண்டாவது வழியில் 6.25 லட்சம். பழைய பத்திரத்தையும் அந்த வருடத்துக் குறியீட்டையும் எடுத்துக்கொண்டு ஆடிட்டரிடம் போக வேண்டியது, புரோக்கரைக் கூப்பிடுவதற்கு முன்னால்.